விஜியைக் கூப்பிடுங்க

மொக்கம்மாள் நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பாள். டைப்ரைட்டிங் ஹையர் தேர்வில் கம்பம் சென்டரிலேயே முதலாவதாக வந்தவள். தன்னிடம் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை என்று ஒரு நினைப்பு இருந்ததால், அந்த ஒன்றை மட்டும் மிகவும் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஊர் காமயகவுண்டன்பட்டி, சுருக்கமாகக் கே.கே.பட்டி. அப்பா செல்லப்பாண்டிக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவான திராட்சைத் தோட்டம். கவாத்து, மருந்தடிப்பு, அறுப்பு என்று வருசம் முழுக்க அப்பாவும் அம்மா சங்கிலியம்மாளும் பந்தலுக்கு அடியிலேயே கிடப்பார்கள். மகளை மட்டும் பந்தலுக்குள் வர விடவில்லை. பி.எஸ்சி. கணக்கு படிக்க வைத்தார்கள். 1998இல் அவள் கம்பத்தில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்தபோது, இரண்டு தெரு தள்ளியிருந்த விஜியும் சேர்ந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். டவுன் பஸ்ஸில் யார் முதலில் ஏறினாலும் பக்கத்து சீட்டில் கைக்குட்டையைப் போட்டு மற்றவளுக்கு இடம் பிடிப்பது வழக்கம்.

விஜிக்கு டைப்பிங் வராது. இரண்டே விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவாள். ஆனால், "ஏன் சார் இப்பிடிச் செய்யுது?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். "அது அப்பிடித்தாம்மா" என்று மாஸ்டர் சலித்துக்கொண்டால், தானே நோண்ட ஆரம்பித்துவிடுவாள். மொக்கம்மாளுக்கு அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அடுத்த வருசம் கம்பத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் மொக்கம்மாளுக்கு வேலை கிடைத்தது. நோயாளிகளின் பெயர்களைக் கையால் எழுதி வைத்த பெரிய பெரிய ரிஜிஸ்டர்கள் அங்கே அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி: ஓ.பி. நம்பர், பெயர், தகப்பன் அல்லது புருசன் பெயர், ஊர், தேதி. அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒன்றேகால் வருசத்தில் இருபதாயிரம் வரிக்கு மேல் அடித்து முடித்தாள். தலைமை டாக்டர் வைகுண்டராஜ் வாசலில் நின்று அவள் விரல்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "பாத்துட்டே இருக்கலாம் போலிருக்கே" என்றார். அந்த வார்த்தையை வீட்டில் மூன்று தடவை சொன்னாள்.

2000இல் ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடியது. இன்னொரு ஆள் வேண்டும் என்றார்கள். டாக்டரிடம் போய், "எங்க ஊர்ப்பிள்ள ஒருத்தி இருக்கா சார், நல்ல பிள்ள" என்று சொன்னவளே மொக்கம்மாள்தான். பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் செய்த நினைப்பு அதுதான்: நானே கூட்டி வந்தேனே.

அந்தச் சமயத்தில் டாக்டரின் மச்சினன் லிங்கேஸ்வரன் பெங்களூரிலிருந்து வந்து, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸுக்கு வேலை கிடையாது. நோயாளிகள் பட்டியல் முழுவதும் op.txt என்று ஒரே ஃபைல். என்ன கட்டளை அடித்தால் என்ன நடக்கும் என்று பதினான்கு பக்கம் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மொக்கம்மாள் முதல் இரண்டு பக்கம் படித்தாள். பட்டியலைத் திறப்பது, அடிப்பது, மூடுவது. அவளுக்கு அது போதும். விஜி பதினான்கு பக்கத்தையும் படித்தாள்.

2001 மாசி மாதம் ஒரு காலையில், மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். மேகமலை எஸ்டேட்டில் தேயிலை பறித்துக்கொண்டிருந்து, இப்போது கம்பத்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டவர். பெயர் மூக்கம்மாள். பழைய சீட்டு தொலைந்துவிட்டது.

"ஒரு ஊசி எனக்கு ஒத்துக்கிறலத்தா" என்றார் கவுண்டரில். "இங்கனதேன் போட்டாக. ஒடம்பெல்லாம் தடிச்சு மயக்கம் வந்துருச்சு. டாக்டரு செவப்பு மையில எழுதி வச்சாக."

"என்னா ஊசிம்மா?"

"அது எனக்கெங்க தெரியும்?"

பழைய ஃபைலைப் பார்க்காமல் ஊசி போடமாட்டேன் என்றார் டாக்டர். ஃபைலை எடுக்க ஓ.பி. நம்பர் வேண்டும். வருசமும் அந்த அம்மாவுக்கு நினைவில்லை. மொக்கம்மாள் பட்டியலைத் திறந்து Mookkammal என்று தேடினாள். இல்லை. Mukkammal என்று தேடினாள். சுருளிப்பட்டியில் ஒருவர் இருந்தார், அவர் இல்லை. பெயரை இங்கிலீஷில் எழுதும்போது ஒரு ஓவா இரண்டு ஓவா, ஒரு கேயா இரண்டு கேயா என்று ரிஜிஸ்டரில் எழுதியவர் என்ன நினைத்தாரோ. பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தாள். கால் மணி நேரம் ஓடியது. அந்த அம்மா பெஞ்சில் சாய்ந்துவிட்டார்.

"நான் பாக்கட்டாடி?" என்றாள் விஜி.

அவள் இரண்டு விரலால் அடித்தது grep என்ற கட்டளை. ஒரு சொல்லைக் கொடுத்தால், ஃபைல் முழுவதும் ஓடிப்போய் அந்தச் சொல் இருக்கிற வரிகளை மட்டும் பிடித்துக்கொண்டு வரும். ஆனால் விஜி சொல்லைக் கொடுக்கவில்லை. சொல்லின் ஜாடையைக் கொடுத்தாள்:

grep -i 'm[ou]*k*am*a*l' op.txt

திரை நிரம்பி வழிந்தது. பாண்டியம்மாள், ராசம்மாள், மல்லிகா, கமலம் என்று ஊரில் உள்ள அம்மாள்கள் எல்லாம் ஓடினார்கள். நிற்கவே இல்லை. மொக்கம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம். "கம்பத்துல இருக்க பொம்பளைக பூராம் வந்துட்டாகடி" என்றாள்.

விஜி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "நட்சத்திரம் போட்டா எத்தன எழுத்து வேணாலும் இருக்கலாம்னு நெனச்சேன். எழுத்தே இல்லாட்டியும் சரிங்கிது அது. அதான் மல்லிகாவும் வர்றா. ஒண்ணாவது இருந்தே ஆகணும்னு சொல்லணும்." திரும்ப அடித்தாள்:

grep -i 'm[ou][ou]*kk*am*a*l' op.txt

நான்கே வரி. சுருளிப்பட்டி ஒன்று, கூடலூர் ஒன்று. மூன்றாவது Mookammal, மேகமலை ஹைவேவிஸ் எஸ்டேட் லயன் வீடு, 1996. நான்காவது Mokkammal, தகப்பன் பெயர் செல்லப்பாண்டி, கே.கே.பட்டி. போன வருசம் காய்ச்சலுக்குச் சீட்டுப் போட்ட மொக்கம்மாளே.

ரெக்கார்டு ரூம் பார்க்கும் ஏசுதாசன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "நீயும் வலையில விழுந்துட்டியே மொக்கம்மா!" நர்ஸுகளும் சிரித்தார்கள். விஜியும் சிரித்தாள். மொக்கம்மாளும் சிரித்து வைத்தாள்.

அந்த நம்பரை வைத்து ரெக்கார்டு ரூமிலிருந்து பழைய ஃபைல் வந்தது. சிவப்பு மையில் ஊசியின் பெயர் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கையில் எடுத்து வைத்திருந்த மருந்தை மாற்றச் சொன்னார். "யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். "விஜிதான் சார்" என்று நான்கு பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து யாராவது சீட்டைத் தொலைத்துவிட்டு வந்தால், ஊர்ப் பெயர் குழம்பினால், செல்வம் என்று இரண்டு பேர் ஒரே நம்பரில் வந்தால், உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வரும்: "விஜியைக் கூப்பிடுங்க."

முன்பு, "ஏம்மா, அதைக் கொஞ்சம் பாரு" என்பார். அந்த 'ஏம்மா' மொக்கம்மாள்தான். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், வேறு பெயரை.

"அந்த லிஸ்ட்டுல இருக்க வரி பூராம் நான் அடிச்சதுண்ணே" என்று ஒருநாள் ஏசுதாசனிடம் சொன்னாள். "அவ தேடத்தான செஞ்சா."

"ஆமாத்தா" என்றார் அவர். "தேடத் தெரிஞ்சாத்தான கெடைக்கிது." அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

பங்குனி மாதக் கடைசியில் இன்னொன்று நடந்தது. மாதா மாதம் புது நோயாளிகளைத் தனியாகப் பட்டியல் எடுத்து டிரஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும். மொக்கம்மாள் இரண்டு நாள் உட்கார்ந்து அதை அடிப்பாள். அந்த இரண்டு நாளும் யாரும் அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஒரு மரியாதை இருந்தது. அந்த மாதம் விஜி ஒரு வரி அடித்தாள்: grep '2001-03' op.txt > march.txt. அவ்வளவுதான். பட்டியல் தயார்.

"திரையில ஒண்ணுமே வரலியே" என்றாள் மொக்கம்மாள்.

"வராது. அந்த அம்புக்குறி இருக்குல்ல, அது மடையத் திருப்பிவிடுற மாதிரி. திரைக்குப் போக வேண்டியத ஃபைலுக்குள்ள திருப்பி விட்டுரும்." விஜிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஒனக்கு ரெண்டு நாள் வேல மிச்சம்டி மொக்கு!"

மிச்சம். அந்த இரண்டு நாளை அவள் யாரிடமிருந்து மிச்சம் பிடித்தாள் என்பது விஜிக்குத் தோன்றவே இல்லை. நல்ல மனசோடுதான் செய்தாள். மொக்கம்மாளுக்கு அதுவும் தெரிந்திருந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இவளோடு என்னவென்று சண்டை போடுவது? வயிறு எரிந்தது, எரிகிறது என்று வெளியே சொல்லவும் வெட்கம்.

சின்னச் சின்னதாகச் சில காரியங்கள் செய்தாள். டாக்டர் விஜியைக் கூப்பிட்டால் பத்து நிமிடம் கழித்துச் சொன்னாள். விஜி அடித்ததில் எழுத்துப் பிழை இருந்தால், நர்ஸுகள் இருக்கும்போது சத்தமாகத் திருத்தினாள். பஸ்ஸில் கைக்குட்டை போடுவதை நிறுத்தவில்லை. ஆனால் பேச்சைக் குறைத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இன்னொன்றும் செய்தாள், யாருக்கும் தெரியாமல். லிங்கேஸ்வரனின் பதினான்கு பக்கத்தையும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொண்டுபோய் ஜெராக்ஸ் எடுத்தாள். விஜி மதியம் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்தில் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கல, நீ போ" என்பாள். கணக்குப் படித்த மூளை. வேண்டும் என்று உட்கார்ந்தபோது வந்தது. நட்சத்திரம் வந்தது, கட்டத்துக்குள் எழுத்தை அடைப்பது வந்தது, மடை திருப்புவதும் வந்தது.

பழகுவதற்காகக் கம்பத்திலிருந்து ஊருக்குப் போகும் பஸ் நேரங்களைப் பன்னிரண்டு வரி அடித்து bus.txt என்று வைத்திருந்தாள். ஒருநாள் அதை வரிசைப்படுத்தி அதே பெயரில் திருப்பி வைக்கலாம் என்று, sort bus.txt > bus.txt என்று அடித்தாள். திறந்து பார்த்தால் ஃபைல் காலி. எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து, பன்னிரண்டு வரியையும் திரும்ப அடித்து, மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தாள். மறுபடியும் காலி.

அதை யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். மறுநாள் பஸ்ஸில் பிடிபட்டது. அம்புக்குறியைப் பார்த்ததும், கம்ப்யூட்டர் முதல் வேலையாக அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃபைலைக் கழுவிக் காலியாக்கி வைத்துக்கொள்கிறது, வரப்போவதை வாங்க. அதற்குப் பிறகுதான் வரிசைப்படுத்தவே ஆரம்பிக்கிறது. இரண்டும் ஒரே ஃபைல் என்றால், ஆரம்பிக்கும்போது படிக்க ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது. பக்கத்தில் விஜி தூங்கிக்கொண்டு வந்தாள். தட்டி எழுப்பிச் சொல்ல மொக்கம்மாளின் கை ஒரு கணம் நீண்டது. பிறகு மடக்கிக்கொண்டாள். ஒன்றாவது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.

ஆடி பிறக்க ஒரு வாரம் இருந்தது. டிரஸ்ட்டிலிருந்து ஆட்கள் வந்து டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நோயாளிகள் பட்டியலைப் பெயர் வரிசையில் பார்க்கவேண்டும் என்றார்களாம். "விஜியைக் கூப்பிடுங்க" என்று குரல் வந்தது. டாக்டரே அறை வாசல்வரை வந்துவிட்டுப் போனார். விஜிக்குப் பதற்றம். எப்போதும் வேறொரு பெயரில்தான் திருப்பி விடுவாள். அன்றைக்கு, "அதே ஃபைலே வரிசையா இருந்துட்டுப் போகுது" என்று முனகிக்கொண்டே அடித்தாள்:

sort -t: -k2 op.txt > op.txt

அடித்துவிட்டு விரலை நிறுத்தினாள். எண்டர் தட்டவில்லை. "மொக்கு, இங்கன பாரு. சரியா இருக்காடி?"

மொக்கம்மாள் பார்த்தாள். அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் op.txt. அந்தப் பக்கமும் op.txt. முப்பத்தோராயிரம் வரி. அதில் முக்கால்வாசி அவள் விரலால் அடித்தது.

"ஒனக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிறப் போகுது?" என்றாள்.

விஜி எண்டரைத் தட்டினாள்.

ஒரு நொடிகூட ஆகவில்லை. விஜி ஃபைலைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "மொக்கு," என்றாள், "ஒண்ணுமே இல்லடி." குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது.

டாக்டர் கத்தவில்லை. டிரஸ்ட் ஆட்கள் போனபிறகு வந்து, காலித் திரையைப் பார்த்துக்கொண்டு, "முப்பத்தோராயிரம் பேரும்மா" என்றார். அவ்வளவுதான். பெங்களூருக்குப் போன் போட்டார். போன ஐப்பசியில் லிங்கேஸ்வரன் வந்திருந்தபோது எல்லாவற்றையும் ஒரு சிடியில் பதிந்து வைத்திருந்தார். அதுவரைக்கும் உள்ளது பிழைத்தது. பிந்தைய எட்டு மாதம் போனது போனதுதான். ஐயாயிரத்துச் சொச்சம் பெயர்கள், கவுண்டர் நோட்டுகளைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். விஜி இனிமேல் கம்ப்யூட்டர் பக்கம் உட்கார வேண்டாம், டோக்கன் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். டிரஸ்ட்டின் அடுத்த கூட்டத்தில் அவளை வேலையிலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்றும் பேச்சு வந்தது.

மறுநாள் காலையில் உள்ளேயிருந்து குரல் வந்தது: "மொக்கம்மாளைக் கூப்பிடுங்க."

எத்தனை நாள் அவள் கேட்க நினைத்த வார்த்தை. விஜி பக்கம் பார்க்காமல் எழுந்து போனாள்.

மூன்று வாரம் அடித்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். விஜி டோக்கன் கொடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பக்கத்தில் நின்று நோட்டைப் பார்த்துப் பெயர்களை வாசித்தாள். கண்கள் வீங்கியிருக்கும்; வாசிப்பில் ஒரு பிழை இருக்காது. நர்ஸுகள் விஜிக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார்கள். ஏசுதாசன் வடை வாங்கி வந்தார். "விடுத்தா, கைத்தவறு யாருக்கும் வர்றதுதான்" என்று ஆளாளுக்குத் தலையைத் தடவினார்கள். விரல் தேய அடித்துக்கொண்டிருந்தவளுக்கு யாரும் வடை வாங்கித் தரவில்லை. அந்த நிலைமையிலும் தனக்குப் பொறாமை வந்தது என்று பிற்காலத்தில் மொக்கம்மாளே சொல்வாள். "அவ வேலைக்கு ஒல வச்சதும் நாந்தேன். அவளுக்கு வட குடுத்தாகன்னு வயிறெரிஞ்சதும் நாந்தேன்."

கடைசி வரி அடித்து முடித்த அன்று சாயங்காலம், விஜியின் அம்மா முத்துலட்சுமி மொக்கம்மாள் வீட்டுக்கு வந்தாள். ஒரு தூக்குவாளியில் பணியாரம். மொக்கம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆத்தா, நீ மட்டும் இல்லாட்டி எம்பிள்ள அன்னைக்கே எதையாச்சும் குடிச்சிருப்பா. நீ நல்லாருக்கணும் தாயி."

மொக்கம்மாள் பணியாரத்தைத் தொடவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில், காமயகவுண்டன்பட்டியைத் தாண்டியதும் சொன்னாள். "விஜி. அன்னைக்கு நீ கேட்டீல்ல, சரியா இருக்கான்னு. தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தேன் சொல்லல."

விஜி திரும்பிப் பார்த்தாள். ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்று ஆள் ஏற்றிக் கிளம்பியது.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்தத் தாளு பூராம் படிச்சேன். மத்தியானம் நீ சாப்புடப் போறப்ப."

"எம்புட்டு நாளா?"

"நாலு மாசமா."

"நாலு மாசமா படிக்கிற. பக்கத்துலயே ஒக்காந்திருக்கேன். ஒரு வார்த்த சொல்லல." விஜியின் குரல் ஏறவில்லை. "நான் ஒவ்வொண்ணும் புதுசாத் தெரிஞ்சதும் ஒங்கிட்டதானடி ஓடியாந்து சொன்னேன்? எனக்குச் சொல்ல வேற யாரு இருந்தா?"

அடுத்த நிறுத்தத்தில் விஜி இறங்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. நடந்தே வந்தாள்.

அதற்குள் மொக்கம்மாள் டாக்டரிடமும் சொல்லியிருந்தாள். வைகுண்டராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு செஞ்சவளைக் கண்டிக்கலாம். பாத்துக்கிட்டு இருந்தவளை நான் என்னன்னு கண்டிக்கிறது?" என்றார். பிறகு, "ஏன்மா?" என்றார். "நீங்க என்னயக் கூப்பிடுறதே இல்ல சார்" என்று அவளையறியாமல் வந்துவிட்டது. சொன்னபிறகு அது எவ்வளவு சிறுபிள்ளைத்தனமாக இருந்தது என்று தெரிந்து, அங்கேயே அழுதாள். டாக்டருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. விஜியை மறுபடி கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார். டிரஸ்ட் கூட்டத்தில் இரண்டு பேரும் வேண்டும் என்று பேசித் தக்கவைத்துக்கொண்டார்.

வேலை நிலைத்தது. சிநேகிதம் நிலைக்கவில்லை. விஜி வழக்கமான பஸ்ஸை விட்டு, அதற்கு முந்தைய பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். ஒரே அறையில் இரண்டு வருசம், "அந்த நோட்டை எடு", "பிரிண்டர்ல பேப்பர் இல்ல" என்ற அளவோடு பேசிக்கொண்டார்கள். விஜி கேட்காததை மொக்கம்மாள் சொல்லவில்லை. மொக்கம்மாள் சொல்லாததை விஜி கேட்கவும் இல்லை.

2003 ஆவணியில் விஜிக்குப் போடியில் கல்யாணம். பத்திரிகையை முத்துலட்சுமிதான் கொண்டுவந்து கொடுத்தாள். மொக்கம்மாள் போனாள். மேடையில் வரிசையில் நின்று கிட்டே போனதும், விஜி மாப்பிள்ளையிடம் திரும்பி, "இவ மொக்கம்மா. எங்க ஊரு. நல்லா டைப் அடிப்பா" என்றாள். சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். மொக்கம்மாள் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டாள். உண்மையைத்தானே சொன்னாள் என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

விஜியின் நாற்காலிக்கு வேறு யாரும் வரவில்லை. மொக்கம்மாள் தனியாகப் பார்த்தாள். ஒன்றிரண்டு வருசத்தில் ஆஸ்பத்திரி வளர்ந்தது. கம்ப்யூட்டர்கள் மூன்றாயின, பிறகு ஒன்பதாயின. மதுரையிலிருந்து புத்தகம் வரவழைத்துப் படித்தாள். தினமும் மூன்று தடவை பட்டியல் தானாகவே வேறிடத்தில் நகலாகும்படி எழுதி வைத்தாள். பெயரை எப்படி எழுதினாலும் கண்டுபிடிக்க ஒரு சின்ன நிரலும் எழுதினாள். கவுண்டரில் இருக்கும் பெண் செல்லப்பாண்டி என்றோ சில்லபாண்டி என்றோ எதை அடித்தாலும், ஜாடை ஒத்தவர்களையெல்லாம் ஊரோடு காட்டும். நடுவில் கூடலூரில் ஒரு பள்ளி ஆசிரியருக்கு வாழ்க்கைப்பட்டாள். வேலையை விடவில்லை. இத்தனைக்கும் நடுவில் எதையாவது புதிதாகச் செய்து முடித்தால், முதலில் தோன்றுவது, விஜி இருந்தால் இதை இன்னும் சீக்கிரம் செய்திருப்பாள் என்பதுதான். ஊரிலேயே இல்லாத ஒருத்திமேல் அத்தனை வருசமும் பொறாமைப்பட்டாள்.

2009 சித்திரை. வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்வந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் காய்ச்சலோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தது. கவுண்டரில் ஆள் போதாமல் மொக்கம்மாளே வந்து உட்கார்ந்திருந்தாள். தலை நிமிராமல், "பேரு?" என்றாள்.

"ஷெரின்" என்றது குரல். "என் மக. நாலு வயசு."

நிமிர்ந்தாள். விஜி. திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். தோளில் பிள்ளை துவண்டு கிடந்தது. விஜி கொஞ்சம் பெருத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது.

"ஷெரினா?" என்றாள் மொக்கம்மாள், வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.

"வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு டீச்சர் இருந்தாக. அவுக பேரு. எனக்குப் பிடிச்சுப்போச்சு."

மொக்கம்மாள் சீட்டுப் போட்டு, நர்ஸைக் கூப்பிட்டுப் பிள்ளையை முதலில் பார்க்கச் சொன்னாள். ஊசி போட்டு, காய்ச்சல் இறங்கட்டும் என்று உட்கார வைத்திருந்த நேரத்தில், விஜி கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றாள். யாரோ ஒரு பெரியவர் சீட்டில்லாமல் வந்திருந்தார். மொக்கம்மாள் பெயரை அடித்தாள், ஆறு ஜாடைப் பெயர்கள் வந்தன, மூன்றாவதைக் காட்டி, "தாத்தா, நீங்க ராயப்பன்பட்டியா?" என்றாள். அவர் தலையாட்டினார்.

"இது யாரு எழுதுனது?" என்றாள் விஜி.

"நாந்தேன்."

"காட்டு."

காட்டினாள். எண்பது வரி. விஜி குனிந்து மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நகலெடுக்கும் நிரலையும் படித்தாள். படித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்ததை மொக்கம்மாள் உடனே கண்டுகொண்டாள். கண் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். அது என்ன முகம் என்று இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். எட்டு வருசமாக அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"ஆறு வருசமா நான் ஒரு கம்ப்யூட்டர் பக்கம்கூடப் போகலடி" என்றாள் விஜி. "வீட்ல விடல. அப்பறம் பிள்ள. எல்லாம் மறந்துபோச்சு."

மொக்கம்மாளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், ஒரு கணம் நன்றாகவே இனித்தது. அடுத்த கணம் அந்த இனிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தாள். "ஒக்காரு."

"வேணாம்."

"ஒக்காருடி."

விஜி உட்கார்ந்தாள். இரண்டு விரலை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விசைப்பலகையைப் பார்த்தாள். ஒரு கட்டளை அடித்தாள், தப்பாக வந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. பெஞ்சில் பிள்ளை சிணுங்கியது. எழுந்து போனாள். போகும்போது, "ஒன்னய நான் இன்னும் மன்னிக்கல" என்றாள். "சரி" என்றாள் மொக்கம்மாள். "போன் நம்பர் குடு" என்றாள் விஜி.

அதன்பிறகு போடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் மறுபடி பழக ஆரம்பித்த விஜி, மாதம் ஒருமுறையாவது போன் செய்வாள். நலம் விசாரிப்பதெல்லாம் இரண்டு வார்த்தைதான். பிறகு, இதை எப்படிச் செய்வது, அது ஏன் இப்படி வருகிறது என்ற பழைய கேள்விகள். தெரிந்ததைத் தெரிந்தவுடன் சொல்லிவிட வேண்டும் என்று மொக்கம்மாள் தனக்கு ஒரு கட்டாயம் வைத்துக்கொண்டாள். சில நாள் அதைச் சொல்ல மனசே வராது, இருந்தும் சொல்லிவிடுவாள்.

2010 ஆனியில், போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்புக்கு விஜியை எடுத்துக்கொண்டார்கள். வேலை கிடைத்த அன்றே மூச்சிரைக்கப் போனில் சொன்னாள்.

"நல்லாருடி" என்றாள் மொக்கம்மாள். உண்மையாகவே சந்தோசப்பட்டாள். பிறகு கேட்டாள், "எத்தன மெசின்?"

"நாப்பது."

"நாப்பதா?" என்றாள் மொக்கம்மாள். போனை வைத்துவிட்டுத் திரும்பித் தன் ஒன்பதையும் ஒருமுறை பார்த்தாள்.